சாந்தகுமார் என்ற பெயரில் யாரும் இல்லை

'சாந்தகுமார் என்ற பெயரில் யாரும் இல்லை' என்று திரை நான்காவது முறையாகச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்திருந்தது. ஆஸ்பத்திரியின் சர்வர் தானாகவே எழுந்துகொண்டது. லேப் ரிப்போர்ட்டுகளை அனுப்பும் சர்வீஸ் மட்டும் எழவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவு ஜெமிமா தட்டித் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

கண்ணாடிக்கு அப்பால், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்கள் டோக்கனும் கையுமாக நின்றார்கள். அறுவை சிகிச்சைக்கான முடிவுகளை மட்டும் லேப் ரத்தினம்மா துண்டுச்சீட்டில் எழுதி, மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"யார் கை வெச்சதுன்னு தெரியட்டும், இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறன்" என்றார் பின்னால் நின்ற மேனேஜர் பத்மினி.

காரணம் ஜெமிமாவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் இதை அமைத்த சாந்தகுமார், அவசரத்தில் தன் பெயரிலேயே ஓடவிட்டிருந்தான். அந்தப் பெயர் சர்வரிலிருந்து அழிக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தவரை ஓடிவிட்டது. மறுபடி கிளம்பும்போதுதான் ஆளைத் தேடியது.

வேலையை விட்டுப் போனவர் கணக்கை ஒரு மாதம் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். சாந்தகுமார் போனது சனிக்கிழமை. அழிக்கிற உரிமை அவனுக்கும் ஜெமிமாவுக்கும் மட்டுமே இருந்தது.

"அவனுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல வை."

சித்தூரில் அவன் எடுத்தான். பத்மினி சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"நான்தான் மேடம். போறப்ப எம்பேர நானே எடுத்துட்டன்."

"பெங்களூர் வேலைக்கு சிபாரிசு லெட்டர் குடுங்கன்னு கேட்டுக்கினு இருந்தியே, இனிமே அதுக்காக இந்தப் பக்கம் வராதப்பா."

"சரிங்க மேடம்." பிறகு, அதே குரலில், "ஜெமிமா, எம்பேர் இருக்கற வரியில லேப்போட பேர போடு. எழுந்துக்கும்."

போட்டாள். எழுந்துகொண்டது. பிரிண்டர் காகிதங்களைத் தள்ளத் தொடங்க, பத்மினி பெருமூச்சோடு வெளியே போனார்.

ஜெமிமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சபை ஆராதனையில் போதகர் கல்யாண ஓலை வாசித்தார். சாந்தகுமார் பெயரோடு சேர்ந்து வந்தது ஒரு வேலூர்ப் பெண்ணின் பெயர். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று அவர் நிறுத்தியபோது, ஜெமிமா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், வீடு திரும்ப சித்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அவன் பெயரை அழித்தாள்.