பூதக்கண்ணாடி அக்காவின் தீர்ப்பு

"உஸ்ஸ்... மூச்சு விடாதே. அக்கா வந்தாச்சு" என்று ஓவியக்காரியின் காதில் கிசுகிசுத்தார் அவள் புருஷன்.

"மூச்சு விடாம எப்படிங்க நிக்கிறது? நீங்க வேற!"

இருவரும் அருங்காட்சியகத்தின் சாமான் அறையில், மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே, ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். அக்கா கூச்சமில்லாமல் பேசட்டும் என்று காப்பாட்சியரே அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய கூடம். நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து பாய்மரக் கப்பலில் புது நாடு தேடிக் கிளம்பிய கேப்டன்கள் பன்னிரண்டு பேர் அங்கே சுவரில் வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அசல் ஓவியங்களும் இன்னும் இரண்டு வருடத்தில் ஒரு கண்காட்சிக்காக வெளிநாடு போகப் போகின்றன. அவை திரும்பி வரும் வரை, அதே இடத்தில் கையால் வரைந்த நகல்கள் தொங்க வேண்டும்.

வெள்ளோட்டமாக முதல் கேப்டனை மட்டும் ஓவியக்காரி வரைந்து, பதினைந்து நாள் முன்பே காப்பாட்சியரிடம் ஒப்படைத்துவிட்டாள். பிரேம் புருஷனின் கைவேலை, ஆள் தச்சர். இது தேறினால் மீதிப் பதினொரு பேரும் அவளுக்கு. தேறாவிட்டால் அதோகதிதான். "இனிமே கரும்பலகையில ஆப்பிளும் குடையும் வரைய நான் ஆளில்லை" என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேரே சொல்லி, டிராயிங் டீச்சர் வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். இனி எந்த முகத்தோடு அங்கே திரும்பிப் போவது?

இரண்டு மாத உழைப்பு. கேப்டனின் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் வெள்ளைத் துணிக்கு மட்டும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் புருஷன் சமையல். அதை இன்றுவரை இருவருமே மறக்கவில்லை.

தீர்ப்புச் சொல்லப் போவது பெரிய நிபுணர் யாருமில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கேப்டன்களுக்குத் தூசி தட்டும் அம்மாள்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க லீவில் போயிருந்தவள், போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிரேமில் ஈ உட்கார்ந்து எழுந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி அக்கா.

"நகல் தயாராயிடுச்சு அக்கா. ஸ்டாண்டுல இருக்கிறதைப் பாருங்க, சுவத்துல இருக்கிறதையும் பாருங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று காப்பாட்சியரின் குரல் கேட்டது.

அக்காவின் செருப்புச் சத்தம் ஸ்டாண்டுக்கும் சுவருக்குமாக நாலு தடவை போய் வந்தது. ஓவியக்காரி கதவிடுக்கில் காதை வைத்தாள்.

"சார், நான் படிக்காதவ. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"அட, சும்மா சொல்லுங்க."

"ஸ்டாண்டுல நிக்கிற ஆளு நம்ம கேப்டனே இல்ல சார்!"

ஓவியக்காரி புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"சுவத்துல இருக்காரே, அவர் கண்ணைப் பாருங்க. நான் எந்த மூலையில பெருக்கினாலும் என்னையே பாப்பார். ஒழுங்கா பெருக்கலேன்னா வாயைத் திறந்து திட்டிடுவாரோன்னு இருக்கும். இவரு? பஸ் வருதான்னு பாக்கிற மாதிரி எங்கேயோ பாக்கிறார்."

"கண்ணுக்கு மட்டும் மூணு வாரம் உக்காந்தேங்க" என்று முனகினாள் ஓவியக்காரி.

"கழுத்துத் துணி நாலு மாசம் துவைக்காத மாதிரி இருக்கு. ஜன்னலுக்கு வெளியே கடல்னு பேரு, பாத்தா சேத்துக்குட்டை. உலக உருண்டை மேல கை வச்சிருக்காரே, ஜுரம் அடிக்குதான்னு தொட்டுப் பாக்கிற மாதிரி!"

அக்கா பிட்டுப் பிட்டு வைத்தாள். காப்பாட்சியரோ, "ம்... அப்புறம்?" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். குரலில் சிரிப்பு வேறு. மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று ஓவியக்காரிக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது.

"அழாதே. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா பாக்கிறவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்? தலைமையாசிரியை கால்ல போய் விழ வேண்டியதுதான்."

"நீ எதுக்கு விழணும்? நான் விழறேன். எனக்கு மானம் கொஞ்சம் கம்மி."

அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கடைசியா ஒண்ணு சார்" என்றாள் அக்கா. "பிரேமும் கோணல். எந்தப் புண்ணியவான் அடிச்சானோ!"

அவ்வளவுதான். மானம் கம்மியான மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் பிரேமா கோணல்? நாலு மூலையும் மட்டம் வச்சுப் பாத்து அடிச்சது!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் பாய்ந்தார்.

"ஏங்க, வேணாங்க!" என்று கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே ஓடினாள் ஓவியக்காரி.

"வா, படத்தை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். மதிக்கத் தெரியாத இடத்துல நமக்கென்ன வேலை?" ஸ்டாண்டில் இருந்த படத்தை இரண்டு கையாலும் தூக்கி, கோணலா இல்லையா என்று பார்க்கப் பின்பக்கம் திருப்பியவர், அப்படியே நின்றுவிட்டார். மரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆணியெல்லாம் துரு.

"இது நான் அடிச்ச பிரேமே இல்லையே!"

"ஐயையோ, மெதுவா கீழே வைங்க!" என்று அலறினார் காப்பாட்சியர். "அது நானூறு வருஷத்து அசல்! உங்க வீட்டம்மா வரைஞ்சது, அக்கா லீவுல போன அன்னிக்கே சுவத்துல ஏறிடுச்சு!"

பூதக்கண்ணாடி அக்கா சுவரை ஒருமுறை பார்த்தாள், தச்சர் கையில் இருந்ததை ஒருமுறை பார்த்தாள். "அப்ப அந்தக் கிழவரை வெளிநாட்டுக்காரங்களே வச்சுக்கட்டும் சார்" என்றாள். "மீதிப் பதினொரு பேரையும் இந்தம்மா கையால சீக்கிரம் மாத்திடுங்க!"