முதல் துரியன்

கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட தமயந்தி, வீட்டுத் தோட்டத்தில் துரியன் மரம் வைத்ததே தெருவுக்குப் பொறுக்கவில்லை. குழந்தை இல்லாதவர்கள் தேடிப்போய்த் தின்கிற பழம் அது, இவளுக்கு எதற்கு? வருஷக்கணக்காகப் பூத்துப் பூத்து உதிர்த்த மரம், அன்று காலை ஒரே ஒரு பழத்தைத் தானாகக் கீழே போட்டது. வாடை தெருமுனையைத் தொடுவதற்குள் செய்தி தொட்டுவிட்டது. எதிர்வீட்டுச் செண்பகவல்லி, ஒரு கையில் சம்படமும் மறுகையில் மருமகளுமாக கேட்டுக்கு வந்து நின்றாள்.

“பழத்தை இவளுக்குக் குடுத்துருங்கக்கா. வயித்துல ஒண்ணு தங்கட்டும். உங்களுக்கு இனிமே எதுக்கு?”

தமயந்தி இத்தனை வருஷமும் காத்திருந்தது அந்த ருசிக்குத்தான். தெருவே பார்க்க வாசற்படியில் உட்கார்ந்தாள். அரிவாளால் முள்தோலைப் பிளந்து, முதல் சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிள்ளைக்குன்னா கிடையாது செண்பகம். ருசிக்குன்னா யாரு வேணாலும் வரலாம்.”

மருமகள் கையை விடுவித்துக்கொண்டு, கேட்டைத் தள்ளி உள்ளே வந்து, தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுளையை எடுத்தாள்.

“ஏட்டி, எதுக்குன்னு சொல்லிட்டுத் தின்னு!” என்று கத்தினாள் மாமியார்.

மருமகளுக்குப் பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.