பூட்டுப் போட்ட பதிவுகள்

"அவர் வர்றதுக்குள்ள இந்தப் பூட்டை உடைச்சாகணும்" என்றாள் அவள், கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

"எத்தனை தடவைக்கா பெல் அடிக்கிறது?" என்று கத்திக்கொண்டே பையோடு உள்ளே வந்தார் கேபிள்காரர்.

"அந்த பெல்லும் எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆயிடுச்சு. தொண்டையில சத்தமே வர்றதில்ல."

பூட்டு பீரோவில் இல்லை. டி.வி.க்குக் கீழே இருந்த ரெக்கார்டர் பெட்டிக்குள் இருந்தது. கணவர் தினமும் எதையோ பதிவு செய்து, நம்பர் போட்டுப் பூட்டி, அவள் எழுவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். மடியில் கனம் இல்லாதவருக்கு எதற்குப் பூட்டு?

கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. போனில் பேசினால் முணுமுணுப்பு, அவளிடம் பேசினாலும் முணுமுணுப்பு. ஜலதோஷம் என்று அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனவர், அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தம்மாவோடு என்னதான் பேசினாரோ, முகம் கறுத்து வெளியே வந்தார்.

"சாருக்குத் தெரியாம எப்படிக்கா?" என்று இழுத்தார் கேபிள்காரர்.

"கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு. பெட்டியும் என்னோடது. எடுங்க."

அவர் பெட்டியைத் தன் லேப்டாப்போடு வயரால் இணைத்தார். பதிவுகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தன. எதைத் திறந்தாலும் வெறும் கறுப்பு.

"இந்தப் பெட்டியில பதிஞ்சதை வேற எதுவும் திறக்காதுக்கா. கலைச்சுப் போட்டு வச்சிருக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற சாவியையும் எடுத்தாத்தான் படம் தெரியும்."

"என்ன சொல்றீங்க?"

அவர் திரும்பவும் சொன்னார். மெஷின் பாஷை பேசினால் யாருக்குத்தான் புரிகிறது!

அவள் பார்வை, காலையிலேயே கட்டி வைத்த சூட்கேஸ் மேல் போனது. அந்த ரெக்கார்டருக்குள் ஒருத்தி இருந்தால் இன்றைக்கே அம்மா வீடு. முடிவு எடுத்துவிட்டாளே தவிர, எடுத்ததிலிருந்து அழுகைதான். அந்த மனிதர் இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

"வந்துடுச்சுக்கா!"

திரையில் ஒருத்தி செய்தி வாசித்தாள். நல்ல அழகி. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இன்னொருத்தி அதையே கைச்சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பதிவைத் திறந்தார். அதே அழகி. அதற்கடுத்ததிலும் அவளே, உடை மட்டும் வேறு.

"செய்தி கேக்கிறவர் பூட்டி வச்சா கேப்பார்? எல்லாம் இவ மூஞ்சியைப் பார்க்கத்தான்!"

சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். அங்கே கணவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, பூனை மாதிரி.

"யாருங்க இவ?"

அவர் வாய் அசைந்தது.

"இப்பவும் முணுமுணுப்பா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

அவர் திரும்பவும் சொன்னார். பிறகு ஆபீஸ் பையைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி, மூலைக் கட்டத்துக்குள் இருந்தவளைப் போலவே, தப்பும் தவறுமாக விரல்களை அசைத்தார்.

அவள் ஒன்றும் புரியாமல் கேபிள்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து, அவள் காதருகே குனிந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா... சார் கத்தித்தான் சொல்றார்."