யாரும் கூப்பிடவில்லை

மருத்துவமனையின் கணினி வேலைகள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியாகிவிட்டது. அடித்தளத்து அறையில் மிஞ்சிய ஒரே ஒரு பழைய சர்வர் எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

“கேபிளப் புடுங்கிடும்மா. தேவைப்படுறவங்க ஃபோன் பண்ணிக் கத்துவாங்க,” என்றார் சீனியர் தாவீது. நெட்வொர்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஜூனியர் பூங்கோதை பிடுங்கினாள்.

இருபது நிமிடம் ஆயிற்று. மேஜையிலிருந்த ஐந்து தொலைபேசிகளில் ஒன்றும் அடிக்கவில்லை.

“பாத்தியா, யாருக்கும் வேணாம். ஐசியூக்கு ஒரு வார்த்தை சொல்லிடு.”

அவள் ரிசீவரை எடுத்தாள். காதில் சத்தமே இல்லை. அடுத்ததிலும் இல்லை.

“சார்... ஃபோனெல்லாம் இது வழியாத்தான் போயிருக்கு.”

கேபிளைத் திரும்பச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்தும் ஒரே நேரத்தில் அலறின.

இருவரில் ஒருவர் கையும் நீளவில்லை.