பேரிக்காய் பழுக்கவில்லை

“இன்னைக்கும் இவர் குறை சொன்னார்னா என் வேலை போயிடும்யா,” என்று அதிகாரி கிசுகிசுத்தார். சமையல்காரர் நுரை பொங்கும் வெள்ளை வைனைக் கோப்பையில் ஊற்றினார்.

மேஜையில் இருந்தவர் ஒரு வாய் குடித்தார். “லேசா இனிப்பு. பதமான ஜில்லு. தொட்டுக்க என்ன?”

“காரமா பொரிச்ச இறால் சார். நேத்து சாக்லேட் கேக் வச்சது என் தப்பு.”

“பின்னே? அந்தத் தித்திப்புல வைன் புளிச்சுப்போச்சே.”

அவர் இறாலைக் கடித்து, குடித்து, கண்களை மூடினார். வாசலில் பையோடு நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“காரமும் இனிப்பும் மாமன் மச்சான் மாதிரி சேருதுய்யா.”

அதிகாரி துள்ளி எழுந்தார். “அப்போ திருப்திதானே?”

“கடைசியா ஒரு பேரிக்காய் சாப்பிட்டா திருப்திதான்.”

சமையல்காரர் கூடையைக் கிளறி ஒரு பேரிக்காயை நீட்டினார். மேஜையில் இருந்தவர் அதை அழுத்திப் பார்த்தார்.

“பழுக்க ரெண்டு நாள் ஆகுமே.”

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். தூக்கிலிடும் முன் கைதிக்குக் கடைசிச் சாப்பாடு திருப்தியாக இருக்க வேண்டும் என்பது சிறை விதி. இது இந்தக் கைதியின் நானூற்றுப் பன்னிரண்டாவது கடைசிச் சாப்பாடு.

வாசலில் நின்றவர் தூக்குக் கயிறு வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினார். “ரெண்டு நாள் கழிச்சு வரேன் சார். மிச்ச இறாலைக் கட்டிக் கொடுங்க.”

சமையல்காரர் பொட்டலம் கட்டினார். கூடை நிறையப் பழுத்த பேரிக்காய்கள் இருந்தும் கல்லு மாதிரி ஒன்றைத் தேடிப் பொறுக்கியவர் அவர்தான். அந்தச் சிறையில் அவர் சமையலை ருசித்துச் சாப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?