காலிப் பெட்டி

இருபத்தாறு மணி நேரமாக, காப்பீட்டு நிறுவனத்தின் கணிப்பொறியில் எந்த வாடிக்கையாளரைத் தேடினாலும் 'இல்லை' என்றே பதில் வந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர அலுவலகத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவசரமாக அழைக்கப்பட்ட கெர்டா மட்டும் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள்.

"சிரிப்பைப் பாத்தீங்களா?" என்றான் பிரிவுத் தலைவன் லோத்தார், இயக்குநர் ஹூப்னரிடம். "போன மாசம் நான் வேலையை விட்டு அனுப்பினப்ப, 'என்னை முழுசா அழிச்சிட முடியாது'ன்னு சொல்லிட்டுப் போனவ. ஏதோ வச்சிட்டுத்தான் போயிருக்கா."

"முதல்ல பாக்கட்டும். அவங்க வேலைதான்னா, இங்கேருந்து நேரா போலீஸ்தான்" என்றார் ஹூப்னர்.

கெர்டா அதைக் கேட்டாள். காபி மூலையில் அவள் கோப்பை தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. பிறந்தநாள் காலண்டரில் அவளுடைய தேதிக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"நல்லாத் துடைச்சிருக்கீங்க, லோத்தார். எல்லா இடத்துலயுமா?"

"ஒரு இடம் விடல, புரோகிராம் உள்பட. ஞாயித்துக்கிழமை முழுக்க நானே உக்காந்து செஞ்சேன். உன் பேர் இங்க எங்கயும் இருக்கக் கூடாது."

"அப்பிடியா" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நினைவகத்தை அச்செடுத்த தாள்களில் அவள் பென்சில் வரிவரியாக இறங்கியது. பாதியில் நின்றது.

"ஹூப்னர் சார், நம்ம புரோகிராமும் டேட்டாபேஸும் பேசிக்கறது நினைவகத்துல இருக்கற இந்தத் துண்டு வழியாத்தான். ரயில் பெட்டி மாதிரி வரிசை. ஏழாவது பெட்டியில பதில் வரும். புரோகிராம் படிக்கறதுக்கு அந்த வரிசையை எழுதி வச்சது நான்."

"சரி."

"அஞ்சாவது பெட்டி சும்மா, காலி. இடம் மாறாம இருக்கறதுக்காக விட்டது. இப்ப நம்ம வரிசையில அது இல்ல. பின்னால இருந்ததெல்லாம் முன்னால தள்ளிடுச்சு. பதில் சரியாத்தான் வருது. புரோகிராம் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, இல்லைங்குது."

"யாரோ எடுத்திருக்காங்க?"

"யாரோ என்ன யாரோ?" லோத்தார் குறுக்கே பாய்ந்தான். "காலிப் பெட்டி இருக்கறதே இவளுக்கு மட்டும்தான் தெரியும். எடுத்தவங்களை உள்ள தள்ளணும்."

ஹூப்னர் தொலைபேசியை எடுத்தார். "எடுத்தது யாரா இருந்தாலும் இன்னியோட வேலை போச்சு."

"வார்த்தை மாற மாட்டீங்களே?" என்றாள் கெர்டா.

"மாட்டேன். யாரு?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இந்த முறை லோத்தாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"காலிப் பெட்டிக்கும் ஒரு பேர் வைக்கணும்னு, என் பேரை வச்சிருந்தேன்."