தசரதன் வீட்டுக்கு மட்டும் படம் வரலை

"எதிர் வூட்ல படம் வருது, பின் வூட்ல வருது. என் வூட்ல மட்டும் ஏன் வரல? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

முஸ்தபாவின் ரீசார்ஜ் கடை வாசலில் நின்று தசரதன் போட்ட சத்தத்தில், மேடவாக்கம் மெயின் ரோட்டில் போன தண்ணி லாரியின் ஹாரனே எடுபடவில்லை.

கேபிள் டிவி தயாளன் தலையைச் சொறிந்தான். "லைன்ல ஃபால்ட்டு அண்ணா. பார்த்துக்கினுதான் கீறேன்."

"ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க தம்பி!" தசரதனின் மனைவி ஹேமாவதியும் பிடித்துக்கொண்டாள். "சீரியல்ல அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சா, நின்னுபோச்சான்னு கூடத் தெரியல!"

"மேட்ச் வேற ஓடிக்கினு இருக்கு," என்றார் தசரதன். "நாளைக்குள்ள படம் வரல, டிஷ் வெச்சிடுவேன். என் மொட்டை மாடி மேல போற உன் வயரையும் அறுத்துக் கையில குடுத்துடுவேன், ஆமா!"

திட்டித் தீர்த்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

முஸ்தபாவுக்குப் பகீரென்றது. அந்த மாடி வழியாகப் போகிற வயரை நம்பித்தான் தெருவில் பாதி வீடு. அது போனால் தயாளன் பிழைப்பு அம்போ.

"இன்னாடா தயாளா இது? போன வாரம் நீயே கம்பத்துல ஏறி அவங்க வூட்டு வயரைப் புடுங்குனதை என் கண்ணால பார்த்தேன். ஃபால்ட்டுன்னு கூசாம புளுகறியே!"

தயாளன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

"அவருக்கும் உனக்கும் ஏதாச்சும் தகராறா?"

"சேச்சே, தங்கமான மனுஷன் பாய்."

"அப்புறம் எதுக்குடா புடுங்குன?"

பதில் வருவதற்குள் தசரதன் மட்டும் திரும்பி வந்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"பாய், ஒரு டாப்-அப் கார்டு!" என்றார் சத்தமாக. அப்புறம் குரல் இறங்கியது. "தயாளா, மனசுல வெச்சுக்காதப்பா. அவ பக்கத்துல நிக்கிறப்போ கத்தித்தானே ஆகணும்? பொண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியற வரைக்கும் வயரை மாட்டிடாத. சீரியலை நிறுத்துடீன்னா, மேட்ச்சை நீங்க நிறுத்துவீங்களான்னு மல்லுக்கு வருவா. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சுது, தொலைஞ்சேன்."

கார்டை வாங்காமலே போய்விட்டார்.

"அடப் பாவி மனுஷா!" முஸ்தபா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவரே புடுங்கச் சொல்லி, அவரே வந்து திட்டி... எனக்குத் தலை சுத்துதுடா."

தயாளனின் செல் ஒரு தடவை அடித்து நின்றது. மிஸ்டு கால். அவன் திருப்பி அடித்து, ஸ்பீக்கரை அமுக்கினான்.

"தம்பி, நான் ஹேமாவதி." கிசுகிசுப்பான குரல். "கோச்சுக்காதீங்க. அவர் எதிர்ல சும்மா நின்னா சந்தேகம் வந்துடும். நான்தான் கட் பண்ணச் சொன்னேன்னு அவர்கிட்ட உளறிடலையே? மேட்ச் வேணாம்னா, மொதல்ல நீ சீரியலை விடுன்னு ஆரம்பிச்சுடுவாரு. புள்ளை நிம்மதியா படிக்கட்டும் தம்பி. பரீட்சை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

"உளறலக்கா" என்று சொல்லி தயாளன் போனை வைத்தான்.

"அல்லாவே! ரெண்டு பேருமா?"

"அண்ணன் கேட்டாருன்னு வயரைப் புடுங்கிட்டு கம்பத்துல இருந்து எறங்கறேன், அக்கா போன் பண்ணுது. கட் பண்ணச் சொல்லி."

"சொல்லித் தொலையேண்டா அவங்ககிட்ட! உனக்கு எதுக்கு இந்தப் பேஜார்? இவங்க போடற சத்தத்தைக் கேட்டே பக்கத்து வூட்ல டிஷ் வெச்சுட்டாங்க. தெருவே உன்னை விட்டுப் போயிடும் போலிருக்கு!"

தயாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"படம் வந்தப்போ ரிமோட்டுக்கு தெனம் சண்டை பாய். அந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கினு படிக்கும். இப்ப ஒண்ணா கிளம்பி வந்து, ஒண்ணா என்னைத் திட்டறாங்க. உண்மையைச் சொல்லி அதைக் கெடுக்கணுமா?"